பிக்கப்புக்கு லைட் போடுறவங்க மொதல்ல ஒயரைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாகனப் பக்கத்துல ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. பிக்கப் வண்டிக்கு எக்ஸ்ட்ரா லைட் வேணும்னா ஹெட்லைட் ஒயர்லயே ஒரு ஜாயிண்ட் அடிச்சு ரெண்டு ஃபோகஸ் லைட்டை மாட்டிக்கலாம், அரை மணி நேர வேலைதான்னு. படிச்சதுல இருந்து மனசே கேக்கல. நான் 14 வருஷமா ராத்திரி லோடு ஓட்டுறவன், பத்திரிகைக்கெல்லாம் இதுவரைக்கும் எழுதினது கிடையாது, ஆனா அந்தக் குறிப்பை நம்பி யாராவது ஒருத்தர் நாளைக்கே வண்டியில கை வச்சிருவாங்களேன்னு நெனைச்சா தூக்கம் வரல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முழுசா போடுங்க.

லைட்டே போடாதீங்கன்னு நான் சொல்ல வரல. விளக்கு இல்லாத ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு லோடோட போறவனுக்குத்தான் தெரியும் கூட ஒரு அம்பது மீட்டர் தூரம் தெரிஞ்சா எவ்ளோ நிம்மதின்னு. குறுக்க வர்ற மாடு, ரோட்டோரமா ரிஃப்ளெக்டர் கூட இல்லாம நிக்கிற டிராக்டர், மழையில பேந்து போன பள்ளம் எல்லாம் முன்னாடியே கண்ணுல படணும். லைட் வேணும்தான். அந்த லைட்டுக்கு கரண்ட் எந்த வழியா போகுதுங்கிறதைத்தான் யாரும் பாக்க மாட்டேங்குறாங்க, என் வண்டியிலயும் அப்ப யாரும் பாக்கல.

என் மொத பிக்கப் செகண்ட்ஹேண்டுல எடுத்தது. ஹெட்லைட் வெளிச்சம் பத்தலன்னு ஒரு கடையில குடுத்தேன், பம்பர்ல 55 வாட் ஹாலோஜன் ரெண்டு மாட்டி ஹை பீம் ஒயரை சீவி அதுலயே சுத்தி கருப்பு டேப் ஒட்டிக் குடுத்துட்டாங்க. வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு. மொத ராத்திரியே ஹை பீம்ல போட்டு ஒரு ஏழெட்டு நிமிஷம் ஓடியிருப்பேன், ஃப்யூஸ் போயிருச்சு. நீலக் கலர் 15 ஆம்ப் ஃப்யூஸ். மறுநாள் கொண்டு போய்க் காட்டினா அதை எடுத்துட்டு பச்சை கலர்ல ஒண்ணு சொருகி, இனிமே போகவே போகாதுண்ணேன்னாங்க. பச்சைன்னா 30 ஆம்ப். அவங்க சொன்னது உண்மைதான், அந்த ஃப்யூஸ் கடைசி வரைக்கும் போகவே இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி முழு லோடோட வந்துக்கிட்டு இருக்கேன், பிளாஸ்டிக் தீயுற மாதிரி ஒரு வாடை. முன்னாடி போற லாரியில ஏதோ பிரேக் பிடிக்குதுன்னு நெனைச்சேன். அந்த லாரி திரும்பிப் போன பெறவும் வாடை போகல, ஸ்டியரிங் கீழ கை வச்சா கவர் சூடா இருக்கு, என்னடான்னு யோசிக்கிறதுக்குள்ள மொத்த லைட்டும் டப்புன்னு அணைஞ்சிருச்சு. ஹை பீம், லோ பீம், ஃபோகஸ் எதுவும் இல்ல, ரோடே இல்ல, கும்மிருட்டு. வளைவு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஞாபகத்துல வச்சுக்கிட்டு பிரேக்கை மிதிக்கிறேன், பின்னாடி லோடு தள்ளுது. எப்படியோ ஓரத்துல நின்னுருச்சு. ஸ்டியரிங் கவர் இடுக்குல இருந்து புகை நூல் மாதிரி வருது. ஸ்பேனர் எடுத்து பேட்டரி நெகட்டிவை கழட்டுறதுக்குள்ள கை நடுங்கின நடுக்கம் இன்னும் ஞாபகம் இருக்கு.

காலைல ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கவரைக் கழட்டினாரு. டிம் டிப் ஸ்விட்சுக்குள்ள, அதாவது ஹை பீமையும் லோ பீமையும் மாத்துற ஸ்விட்சுக்குள்ள, இருந்த பித்தளை காண்டாக்ட் பிளாஸ்டிக்குக்குள்ள புதைஞ்சு போயிருந்துச்சு. அதுல இருந்து போற ஹை பீம் ஒயர் மேல இருந்த ரப்பர் உருகி பக்கத்து ஒயரோட ஒட்டி ஒரே கட்டியா கெடந்துச்சு, நகத்தால கீறினா செம்பு கருப்பா இருக்கு. அவரு திட்டவே இல்ல, ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழிச்சு அதுல கணக்கு போட்டுக் காட்டினாரு. அந்தக் கணக்கைத்தான் உங்க வாசகர்களுக்கு சொல்லணும்னு ஆசைப்படுறேன், இது ஒண்ணும் பெரிய படிப்பு இல்ல, வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்ப், அதாவது எவ்ளோ கரண்ட் போகுதுங்கிற அளவு, அவ்ளோதான்.

ஹெட்லைட் ஹை பீம் ஒண்ணு 60 வாட். ரெண்டுக்கும் 120 வாட், 12ஆல வகுத்தா 10 ஆம்ப். கம்பெனிக்காரன் அந்த 10 ஆம்புக்குத்தான் ஒயரும் ஸ்விட்சும் வச்சு, காவலுக்கு 15 ஆம்ப் ஃப்யூஸ் போட்டிருந்தான். புதுசா மாட்டின ரெண்டும் சேந்து 110 வாட், அது 9 ஆம்ப் சொச்சம். ஆகமொத்தம் 19. என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கிட்ட குடுக்கும், அப்போ இன்னும் ஏறி 20ஐ தாண்டிரும். 15 ஆம்ப் ஃப்யூஸ்னா 15 தாண்டின உடனே போயிரும்னு நாம நெனைக்கிறோம், அப்படி கிடையாது, அளவை விட 35 சதவீதம் கூடுதலா போனா அது ஒரு செகண்டுலயும் போகலாம், பத்து நிமிஷம் வரைக்கும் தாக்குப் பிடிக்கவும் செய்யலாம். அதனாலதான் எனக்கு ஏழெட்டு நிமிஷம் எரிஞ்சுட்டுப் போச்சு. அந்த ஃப்யூஸ் அன்னிக்கு என்னைக் காப்பாத்தியிருக்கு, நாங்கதான் அதைத் தூக்கிப் போட்டுட்டு 30 ஆம்ப் வச்சோம். 20 ஆம்ப் போனா 30 ஆம்ப் ஃப்யூஸுக்கு ஒண்ணுமே ஆகாது. அதுக்குப் பெறவு அந்த லைன்லயே ரொம்ப பலவீனமான இடம் எதுவோ அதுதான் ஃப்யூஸ், என் வண்டியில அது ஸ்டியரிங் கீழ இருந்த ஸ்விட்ச்.

இன்னொரு கணக்கும் போட்டாரு, அதைக் கேட்டப்போதான் எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. பழைய ஸ்விட்சுல காண்டாக்ட் தேஞ்சு 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், 20 ஆம்ப் போகும்போது அந்தப் புள்ளியில 40 வாட் சூடு வரும். சின்ன வேலைக்கு வச்சிருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை விட பெரிய ஒண்ணை பிளாஸ்டிக்குக்குள்ள சொருகி ஆன் பண்ணி வச்சுக்கிட்டு ரெண்டு மாசமா ஓட்டியிருக்கேன், பக்கத்துல என் முழங்கால்.

அதனால ஃப்யூஸ் பத்தி ஒண்ணு மட்டும் எல்லாரும் மனசுல வச்சுக்கணும். ஃப்யூஸ் இருக்கிறது லைட்டைக் காப்பாத்த இல்ல, ஒயரைக் காப்பாத்த. ஒயர் எவ்ளோ தாங்குமோ அதுக்குள்ளதான் ஃப்யூஸ் இருக்கணும். அடிக்கடி ஃப்யூஸ் போகுதுன்னா பெரிய ஃப்யூஸ் போடுறது தீர்வே கிடையாது, ஏன் போகுதுன்னு தேடணும். கலரைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உங்க வண்டி ஃப்யூஸ் பாக்ஸ் மூடியில எந்த இடத்துல எத்தனை ஆம்ப்னு அச்சடிச்சிருக்கும், இன்னிக்கே திறந்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க, செகண்ட்ஹேண்ட் வண்டியா இருந்தா கண்டிப்பா பாருங்க, முன்னாடி வச்சிருந்தவர் என்ன செஞ்சு வச்சிருக்காருன்னு நமக்குத் தெரியாது.

சரி, எப்படித்தான் போடணும்னா பேட்டரியில இருந்து தனி லைன், நடுவுல ஒரு ரிலே. ரிலேன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற டப்பா. உள்ள ஒரு காயில் இருக்கு, அது இழுக்கிறது 0.15ல இருந்து 0.2 ஆம்ப்தான், காயில் இழுத்தா உள்ள இருக்கிற தடியான காண்டாக்ட் ஒட்டிக்கும், லைட்டோட 9 ஆம்பும் அது வழியாத்தான் போகும். டேஷ்போர்டுல இருக்கிற ஸ்விட்சுக்கும் டிம் டிப்புக்கும் அந்த 0.2 மட்டும்தான் பாரம், காலத்துக்கும் சூடாகாது. ரிலே அடியில நம்பர் போட்டிருக்கும். 30ல பேட்டரியில இருந்து ஃப்யூஸ் வழியா வர்ற ஒயர், 87ல லைட்டுக்குப் போற ஒயர், 86ல ஸ்விட்ச்ல இருந்து வர்ற ஒயர், 85 பாடி எர்த், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற வழி. அஞ்சு பின் ரிலேயா இருந்தா நடுவுல 87ஏன்னு ஒண்ணு இருக்கும், அதுல லைட்டைக் குடுத்துறாதீங்க, ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்போதுதான் அதுல கரண்ட் வரும், வண்டியை நிறுத்திட்டுப் போனா விடிய விடிய எரியும். ரிலேயை மாட்டும்போது பின் கீழ் பக்கம் பாத்த மாதிரி மாட்டணும், மல்லாக்க வச்சா மழைத் தண்ணி உள்ள இறங்கி தங்கிரும்.

பேட்டரி பக்கத்துல வைக்க வேண்டிய ஃப்யூஸை நெறைய பேரு லைட் பக்கத்துல வைக்கிறாங்க, இது பெரிய தப்பு. ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்கிற ஒயர் துண்டுக்கு எந்தக் காவலும் கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது இதே பேட்டரி நூறு நூறு ஆம்பா தள்ளுது, அந்தக் காவல் இல்லாத துண்டு பானட்டுக்குள்ள எங்கயாவது உரசி பாடியில பட்டுச்சுன்னா ஒயர் சில செகண்டுல செவந்துரும். அதனால பாசிட்டிவ் டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃப்யூஸ் ஹோல்டர் வந்துரணும். 55 வாட் ரெண்டுக்கு 15 ஆம்ப் சரி, ஏன் 10 போதாதான்னா பல்பு குளிர்ந்திருக்கும்போது ஆன் பண்ற அந்தக் கணம் சாதாரணமா இழுக்கிறதை விட பத்து மடங்கு வரைக்கும் இழுக்கும், கண்ணிமைக்கிறதுக்குள்ள அடங்கிரும்தான், ஆனா எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே 10 ஆம்ப் கிட்ட போகுது, தினமும் இந்த அடியும் சேந்து விழுந்தா 10 ஆம்ப் ஃப்யூஸ் சீக்கிரமே களைச்சுப் போகும்.

ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம் எடுங்க. ஒரு ஸ்கொயர் எம்எம் ஒயர்ல நாலு மீட்டர் இழுத்து 9 ஆம்ப் போனா வழியிலயே 0.6 வோல்ட்டுக்கு மேல காணாம போயிரும். 0.6தானேன்னு தோணும், ஆனா ஹாலோஜன் பல்புல வோல்ட் 5 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் ஆறுல ஒரு பங்கு போயிரும், 10 சதவீதம் குறைஞ்சா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. பல்பு சரியில்ல பல்பு சரியில்லன்னு மாத்தி மாத்திப் போடுறவங்க எத்தனை பேரு, குத்தம் ஒயர்ல இருக்கு. 2.5 ஒயர்ல அதே இழப்பு கால் வோல்ட்தான். சொல்லப்போனா என் வண்டியில அந்த அண்ணன் ஒரிஜினல் ஹெட்லைட்டுக்கும் ரிலே வச்சு தனி லைன் இழுத்தாரு, அதே பழைய பல்பு, ஆனா வெளிச்சம் பளிச்சுன்னு வந்துச்சு, இது தெரிஞ்சிருந்தா மொதல்ல எக்ஸ்ட்ரா லைட்டே மாட்டியிருக்க மாட்டேனோ என்னவோ.

எர்த்தை யாரும் மதிக்கிறதே இல்ல. போன 9 ஆம்பும் திரும்பி வந்தாகணும், அதுக்கும் அதே தடிமன்ல ஒயர் வேணும். பெயிண்ட் மேல போல்ட் முறுக்கினா எர்த் ஆகாது, இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் சுரண்டி, பல்லு வச்ச வாஷர் போட்டு, ஒயர் முனையில மாட்டுற திம்பிளை இறுக்கி, மேல கொஞ்சம் வாஸ்லின் தடவி விடணும், இல்லன்னா ஒரே மழைக்காலத்துல துரு ஏறிரும். எர்த் விட்டுப்போச்சுன்னா கரண்ட் வேற எந்த வழியாவது வீட்டுக்குப் போகப் பாக்கும், ஃபோகஸ் லைட் போட்டா இண்டிகேட்டர் மங்கலா மினுக்குற வண்டியை நானே பாத்திருக்கேன்.

ஜாயிண்ட்ல டேப் வேண்டவே வேண்டாம். என்ஜின் சூட்டுல டேப் பசை இளகி அவுந்து தொங்கும். நல்ல கிரிம்பிங் பிளையர்ல திம்பிள் அமுக்கி, உள்ள பசை இருக்கிற, சூட்டுல சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு சுட்டா தண்ணி போகாது. சால்டர் வச்சா நல்லதுதானேன்னு கேப்பாங்க, சால்டர் ஒயருக்குள்ள ஊறிப் போய் அந்த எடம் கம்பி மாதிரி விறைச்சுக்கும், வண்டி ஆடுற ஆட்டத்துல சரியா அந்த விறைப்பு முடியுற எடத்துல ஒடிஞ்சிரும். அப்பறம் டேஷ்போர்டுக்குள்ள ஒயர் நுழையுற ஓட்டையில ரப்பர் வளையம் (கிராமெட்) கட்டாயம் இருக்கணும், தகரத்தோட விளிம்பு பிளேடு மாதிரி, ஆறு மாசம் ஒயர் அதுல உரசினா போதும்.

எல்இடி வந்துருச்சே, அதுக்கும் இதெல்லாம் வேணுமான்னு கேக்கிறாங்க. வேணும். 120 வாட்னு போட்டிருக்கிற லைட் பார் 10 ஆம்ப் இழுக்கும், ஹாலோஜனுக்கும் இதுக்கும் ஒரே கணக்குதான். அதுலயும் நல்ல எல்இடியில உள்ள ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கு, வோல்ட் குறைஞ்சா அது வெளிச்சத்தைக் குறைக்காது, பதிலுக்கு கரண்ட்டைக் கூட இழுக்கும், அப்போ மெல்லிசு ஒயர் இன்னும் சூடாகும். மலிவான எல்இடி போட்டா எஃப்எம் ரேடியோவுல இரைச்சல் வரும், அதுவும் அந்த டிரைவர் வேலைதான். தண்ணிக்கு ஐபி67ன்னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், ஆனா வாட்டர் வாஷ்ல பிரஷர் தண்ணி அடிக்கிறதைத் தாங்கும்னு அது சொல்லல.

இப்ப ஸ்விட்ச் விஷயம். உங்க குறிப்புல இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, எனக்கு ரொம்ப வருத்தம் இதுலதான். எக்ஸ்ட்ரா லைட்டுக்கு தனி ஸ்விட்ச் வச்சு அதுக்கு பேட்டரியில இருந்து நேரா கரண்ட் குடுத்துட்டா, எதிர்ல வண்டி வரும்போது நாம டிப் அடிச்சாலும் அது அணையாது, எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு தனியா கை நீட்டி அணைக்கணும், யாரு செய்யுறா? எதிர்ல ஸ்கூட்டர்ல குடும்பத்தோட வர்றவருக்கு அந்த நேரத்துல ரோட்டு ஓரமே தெரியாது. ஸ்விட்சுக்கு வர்ற கரண்ட்டை ஹை பீம் ஒயர்ல இருந்து எடுத்து ரிலேயோட 86க்கு குடுங்க, வெறும் 0.2 ஆம்ப்தான், அந்த ஒயருக்கு பாரமே இல்ல. ஹை பீம் இருந்தாத்தான் எக்ஸ்ட்ரா லைட் வரும், டிப் அடிச்ச அதே நொடி எல்லாம் சேந்து அணையும், கை ஸ்டியரிங்கை விட்டு நகரவே வேண்டாம். பல நாடுகள் ஏத்துக்கிட்ட ஐ.நா.வோட 48ஆம் நம்பர் வாகன விதியிலயும் இதான் சொல்லியிருக்கு, லோ பீமுக்கு மாத்தும்போது ஹை பீம் விளக்கு எல்லாமே ஒண்ணா அணையணும்னு. அதே விதியில மொத்த வெளிச்சத்துக்கும் 4,30,000 கேண்டெலான்னு (வெளிச்சத்தோட வீச்சை அளக்கிற அலகு) ஒரு உச்சவரம்பு இருக்கு. அந்த முறையில அனுமதி வாங்கின லைட்டோட கண்ணாடியில சின்னதா 17.5, 37.5 இப்படி ஒரு நம்பர் இருக்கும், ஹெட்லைட்டுல இருக்கிறதையும் சேத்துக் கூட்டினா 100ஐ தாண்டக் கூடாது. வாங்கும்போது அந்த நம்பரைத் தேடிப் பாருங்க, இல்லாத லைட் ரோட்டுக்குன்னு செஞ்சதா இருக்க வாய்ப்பு கம்மி.

ஒரு எச்சரிக்கை, சில வண்டியில ஹெட்லைட்டுக்கு பாசிட்டிவ் எப்பவும் வந்துக்கிட்டு இருக்கும், ஸ்விட்ச் பண்றது எர்த்தைத்தான், பழைய டொயோட்டா பிக்கப்ல இது உண்டு. அதுல ஹை பீம் ஒயரை 86க்குக் குடுத்தா எல்லாம் தலைகீழா நடக்கும், லோ பீம்ல எக்ஸ்ட்ரா லைட் எரியும், ஹை பீம் போட்டா அணைஞ்சிரும். ரிலே கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு மாத்துவாங்க. ஹை பீம் ஒயரை 85 பக்கம் குடுத்து 86க்கு சாவி போட்டா வர்ற பாசிட்டிவை ஸ்விட்ச் வழியா குடுத்தா சரியாயிரும். கை வைக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல பாத்துக்கிறது ரெண்டு நிமிஷ வேலை.

புது வண்டி வச்சிருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். இப்ப வர்ற பிக்கப்ல ஹெட்லைட்டை ஒரு கன்ட்ரோல் யூனிட்தான் எரிய வைக்குது, சில வண்டியில அது கரண்ட்டை நிறுத்தி நிறுத்தி துடிப்பா அனுப்பும், அதுல ரிலேயை மாட்டினா ரிலே டிக்டிக்டிக்னு அடிச்சுக்கிட்டே இருந்து காண்டாக்ட் தீஞ்சு போகும். ரிலே காயில் அணையுற நேரத்துல ஒரு வோல்ட்டேஜ் உதையும் வரும், பழைய வண்டிக்கு அது தூசு, கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஆகாது, அந்த உதையை அடக்க உள்ளயே டயோடு வச்ச ரிலே கிடைக்குது, அதை வாங்கி 85, 86 மாத்திக் குடுத்துறாம மாட்டணும். இன்னொண்ணு, பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்ல சின்னதா ஒரு சென்சார் கப்ளரோட உக்காந்திருந்துச்சுன்னா எர்த்தை நேரா டெர்மினல்ல குடுக்காதீங்க, பாடியில குடுங்க, இல்லன்னா நம்ம லைட் இழுக்கிற கரண்ட் அந்த சென்சாருக்குத் தெரியாது, பேட்டரி எவ்ளோ இருக்குன்னு தப்பா கணக்கு போட்டு சார்ஜ் பண்ணும். கம்பெனியே எக்ஸ்ட்ரா ஸ்விட்சும் ஃப்யூஸோட ஒயரும் விட்டு வச்சிருக்கிற பிக்கப்பும் இருக்கு, மேனுவல்ல பாத்துட்டு அதை உபயோகிச்சுக்கிறது தலைவலி இல்லாத வழி.

பின்னாடி லோடு இறக்க லைட் போடுறவங்களுக்கும் இதே ரிலே, இதே ஃப்யூஸ்தான். ஒயரை சேஸ் ஓரமா கொண்டு போகும்போது சைலென்சர் குழாய் பக்கம் போகாதீங்க, பிரேக் பைப்பு, டீசல் பைப்போட சேத்து டேக் போட்டுக் கட்டாதீங்க. என்ஜினை அணைச்சுட்டு 10 ஆம்ப் லைட்டை எரிய விட்டா மூணு மணி நேரத்துல 30 ஆம்ப் ஹவர் போயிரும், 60 ஆம்ப் ஹவர் பேட்டரியில அது பாதி, அப்பறம் செல்ஃப் எடுக்காது.

கடைசியா பிக்கப்புக்குன்னே இருக்கிற ஒரு விஷயம், இதை கார்காரங்க யோசிக்க வேண்டியதில்ல. நமக்கு லோடு ஏத்தினா பின்பக்கம் இறங்கும், மூக்கு தூக்கும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல மூணு மீட்டர்னு வச்சுக்குங்க, பின்னாடி அஞ்சு சென்டிமீட்டர் இறங்கினாலே லைட் கிட்டத்தட்ட ஒரு டிகிரி மேல பாக்கும், அம்பது மீட்டர் தள்ளி அது 80 சென்டிமீட்டருக்கு மேல. காலி வண்டியில ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்த வெளிச்சம், லோடு ஏத்தினதும் முன்னாடி போற கார்க்காரரோட கண்ணாடிக்குள்ள போய் உக்காந்துக்கும். ஹெட்லைட்டுக்கு டேஷ்போர்டுல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு நெறைய வண்டியில இருக்கு, லோடு ஏத்தினா அதைத் திருப்பி இறக்கிக்கலாம், ஆனா அது கம்பெனி ஹெட்லைட்டை மட்டும்தான் இறக்கும், நாம பம்பர்ல மாட்டினது அப்படியே நிக்கும். அதனால நீங்க வழக்கமா ஏத்துற லோடை ஏத்திட்டு, சமமான தரையில சுவத்துக்கு பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, லைட்டோட உயரத்தை சுவத்துல சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு, வெளிச்சத்தோட நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு ஒரு பத்து சென்டிமீட்டர் கீழ விழுற மாதிரி வச்சு நட்டை முறுக்குங்க. கூரை மேல லைட் பார் மாட்டுறவங்களுக்கு, வெளிச்சம் பானட்ல பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி அடிக்கும், பனியிலயும் புழுதியிலயும் முன்னாடி ஒரு வெள்ளைத் திரை கட்டின மாதிரி ஆயிரும், கண்ணு மட்டத்துக்கு கிட்ட இருக்கிறதால அப்படி. தாழ பம்பர்ல இருக்கிறதுதான் எனக்கு ஒத்து வந்துச்சு.

வேலை முடிஞ்சதும் கடைக்காரரை விட்டுறாதீங்க. என்ஜினை ஓட விட்டு எல்லா லைட்டையும் போட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொரு முனை லைட்டுக்குப் போற பாசிட்டிவ்ல வைக்கச் சொல்லுங்க. அர வோல்ட்டுக்குள்ள காட்டணும். எர்த் பக்கமும் அதே மாதிரி. அப்பறம் பத்து நிமிஷம் எரிய விட்டு, ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே, கப்ளர் ஒவ்வொண்ணையும் விரலால தொட்டுப் பாருங்க, எங்கயாவது சுட்டா அந்த ஜாயிண்டை அவுத்து மறுபடி போடச் சொல்லுங்க. நான் இன்னிக்கும் மாசம் ஒரு தடவை வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுறேன்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரு கோரிக்கை. அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்துல, அதே அளவுல, ரிலே வச்சு ஒயரிங் பண்ற படம் ஒண்ணு போடுங்க. பேட்டரி, பக்கத்துலயே ஃப்யூஸ், 30, 85, 86, 87 நம்பர் எல்லாம் கண்ணாடி போடாம படிக்கிற அளவுக்கு பெருசா இருக்கட்டும். நெறைய கடையில நம்ம பேப்பர் வாங்குறாங்க, வெட்டி சுவத்துல ஒட்டிக்குவாங்க. என் வண்டியில உருகின அந்த ஸ்விட்சை நான் இன்னும் டேஷ்போர்டு டிராயர்ல வச்சிருக்கேன், படத்தோட போடணும்னா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ராத்திரி லோடு ஓட்டும் ஒரு வாசகன்